கொக்கி இல்லாத கைச்சங்கிலி

கேள்வி: அக்கா, கையிலேயே பற்றவைத்துவிடும் நிரந்தரச் சங்கிலி விற்க ஆசை. எப்படித் தொடங்குவது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பற்றவைக்கும் மெஷின் வந்ததும் பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) ஓடிவிடாதே, தங்கச்சி. முதலில் வெள்ளித் துண்டுகளில் பழகு. சங்கிலியின் இரு நுனியையும் சேர்க்கும் சின்ன வளையத்தைத்தான் பற்றவைக்கிறோம். நான் முதல் வாரத்தில் கெடுத்த வளையங்களே ஒரு மைலோ டின் இருக்கும்! வளையத்தின் இரு முனையும் முட்ட வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பற்று நிற்காது. பற்றவைக்கும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு சரியாக வராவிட்டால் அந்த இடம் கறுத்துவிடும். சங்கிலிக்கு அடியில் தோல்துண்டு வை. பொறி பறக்கும்போது இருவர் கண்ணுக்கும் கவசம் வேண்டும். அளவெடுக்கும்போது சுண்டுவிரல் நுழைகிற இடம் விடு. இதயத்துடிப்புக்குப் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்களுக்கு வேண்டாம். அப்புறம், வேலையிடத்தில் நகை போட விடுவார்களா என்று கேள். ஃபேக்டரிப் பிள்ளை ஒருத்தி மறுநாளே வெட்டச் சொல்லி வந்து நின்றாள். அந்த வளையத்தை மட்டும் வெட்டினேன், சங்கிலி பிழைத்தது.