பழைய மேக், ராஸ்பெரி பை மாதிரி கருவிகளில் லினக்ஸ் போட்டால் காசில்லாமல் உதவி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். புதியவர்களுக்காக: லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம், காசில்லாமல் கிடைப்பது; மேக் ஆப்பிளின் கணினி; ராஸ்பெரி பை உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி. நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால், யாரோ ஒரு பழைய மேக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், கடைக்காரர் கையை விரித்துவிட்டார் என்று தோன்றுகிறது. நானும் அந்த வழியாக வந்தவன்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணினி படித்தவன் இல்லை, கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். சொல்லில் தப்பிருந்தால் திருத்துங்கள், "இதுகூடத் தெரியாமல் பதில் எழுத வந்துட்டான்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு ஐபுக் ஜி4 (ஆப்பிளின் மடிக்கணினி) வாங்கினேன். வெள்ளை நிறம், 12 அங்குலத் திரை, 2005 மாடல், சார்ஜரோடு சேர்த்து 1,200 ரூபாய். ஊரைவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனதாம். விசைப்பலகையைப் பார்த்தாலே தெரிந்தது, கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தது. இது பின்னால் என் உயிரை வாங்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கடலூர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போய்க் கனமான பையோடு திரும்பினால் உள்ளே பாட்டில்தான் இருக்கும் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. வழியில் சோதனைக்காக போலீஸ் பஸ்ஸை நிறுத்தினார்கள். அடிபடாமல் இருக்கட்டும் என்று டவலில் சுற்றி வைத்தது வினையாகிவிட்டது. "என்னய்யா அது?" "பழைய கம்ப்யூட்டர் சார்." "யாருகிட்ட சொல்ற?" அத்தனை பேர் முன்னால் பிரித்துக் காட்டினேன். அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப் போய்விட்டு வந்த நாளிலும் மருந்துப் பையைத் திறந்து காட்டியிருக்கிறேன். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை ஐயா நான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். அந்தத் தம்பி லினக்ஸ் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, "அண்ணே, போர்டு போயிடுச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லி, பார்த்த கூலி 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். போர்டுக்கு ஒன்றுமில்லை. அவரிடம் இருந்தது இன்டெல் வகைச் செயலிக்கான லினக்ஸ், ஐபுக்கில் இருப்பது பவர்பிசி. 2006-ல் இன்டெல்லுக்கு மாறத் தொடங்கும்வரை ஆப்பிள் இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் லினக்ஸைத் தனியாகக் கட்ட வேண்டும், ஒன்றுக்குக் கட்டியது இன்னொன்றில் கிளம்பவே கிளம்பாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் பவர்பிசிக்கு 8-ஆம் பதிப்பு வரை முறையான வெளியீடு இருந்தது, 2017-ல் வந்த 9-ல் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் டெபியன் போர்ட்ஸ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

அதை இறக்கிவிட்டேன், எழுத சிடி வேண்டுமே. கடலூர் முழுக்க அலைந்து, கடைசியில் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவில் இரண்டு வெற்று சிடி கிடைத்தது. சி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் சிடியிலிருந்து கிளம்பும். நிறுவலும் நல்லபடியாக முடிந்தது. மறுபடி ஆன் செய்தால், எழுத்துகள் ஓடி முடிந்து படத்திரை வர வேண்டிய நேரத்தில் கும்மிருட்டு.

டெபியன் ஆட்கள் கூடும் ஐஆர்சி என்ற இணைய எழுத்து அரட்டையில் போய், "மேக்கில் லினக்ஸ் வேலை செய்யவில்லை, அவசரம், உதவவும்" என்று போட்டேன். இரண்டு நாள் ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு நம்மைக் கண்டால் இளக்காரம் என்று வீட்டில் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் மனசு ஆறி, என்ன மாடல், என்ன கர்னல் (லினக்ஸின் அடிப்படைக் கரு), எந்த வரிக்குப் பிறகு நிற்கிறது, அதுவரை நான் செய்தது என்ன என்று முழுக்கத் தட்டச்சு செய்து போட்டேன். ரெக்கவரி முறையில் போய் எடுத்த டிமெசேஜ் பதிவையும் (கர்னல் எழுதிவைக்கும் குறிப்புகள்) சேர்த்தேன். இரவு 11 மணி, ஷிப்ட் முடிந்து வந்த நேரம், ஐரோப்பாவில் அப்போதுதான் வேலை முடிந்து உட்கார்ந்திருப்பார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரு ஜெர்மன்காரர் பதில் போட்டார்: கிளம்பும்போது கர்னலுக்குப் போகும் கட்டளை வரியின் கடைசியில் ரேடியான் ஏஜிபிமோடை மைனஸ் 1 (radeon.agpmode=-1) என்று கொடு. இந்த மேக்குகளில் திரைக்குப் படம் அனுப்பும் சிப்பின் ஏஜிபி இணைப்பு மக்கர் செய்யுமாம், அதை விட்டுவிட்டு பிசிஐ என்ற பழைய வகை இணைப்பு போல நடந்துகொள்ளச் சொல்கிறோம். கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் திரை வந்துவிட்டது.

வைஃபை பெரிய கதை இல்லை. வைஃபைக்கான பிராட்காம் சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் சின்ன மென்பொருள்) லினக்ஸோடு சேர்ந்து வராது, நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். ரவுட்டரிலிருந்து கேபிளை இழுத்துச் செருகினால் தீர்ந்தது.

அடுத்த வாரம் லினக்ஸில் விசைப்பலகை அமைப்பை பிரெஞ்சுக்கு மாற்றினேன். மறுநாள் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. யாரோ உள்ளே புகுந்துவிட்டான் என்றே நினைத்து, பதற்றத்தோடு மறுபடி அரட்டையில் எழுதினேன். அதே மனுஷர் ஒரே வரி கேட்டார்: "உன் கடவுச்சொல்லில் ஏ எழுத்து இருக்கிறதா?" என் மனைவி பெயர்தான் கடவுச்சொல், அதில் நாலு ஏ. நிறுவும்போது தளவமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது, நான் ஏ என்று அச்சடித்த விசையை அழுத்த அழுத்த அது கியூவாக எழுதிக்கொண்டிருக்கிறது. ஏ வரும் இடத்திலெல்லாம் கியூவை அடித்தேன், திறந்துகொண்டது. நள்ளிரவில் நான் சிரித்த சிரிப்பில் மனைவி எழுந்து வந்து, "என்னங்க, நிஜமாவே பாட்டில்தான் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள்.

"அதில் யூடியூப் ஓடுமா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஓடாது. இன்றைய கனமான தளங்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். எழுத, பாட்டுக் கேட்க, அரட்டைக்கு எனக்குப் போதும். உங்களுக்குப் போதாது என்றால் ராஸ்பெரி பை வாங்குங்கள், அதற்கு உதவி கொட்டிக் கிடக்கிறது. ஆனால் போன் சார்ஜரைச் செருகி மிச்சம் பிடிக்காதீர்கள், பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும். நம் ஊர் கரண்ட் கட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் எஸ்டி கார்டு கெடும், சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் சொந்தச் செயலியான எம்1, எம்2 உள்ள மேக் என்றால், அவற்றுக்கென்றே உருவாக்கிய அசாஹி லினக்ஸ் பக்கம் போங்கள்.

ஆங்கிலத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, 2023 ஜனவரியில் அங்கே டெபியனின் மினி மாநாடே நடந்தது. புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு இருக்கிறது. தமிழில் படிக்க கணியம் என்ற இணையதளம் இருக்கிறது.

உங்கள் கருவி எந்த மாடல் என்று கீழே எழுதுங்கள். அடியில் ஸ்டிக்கர் இருந்தால் அதில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள், மங்கலாகப் படம் எடுத்துப் போடாதீர்கள். இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட், காலையில்தான் பார்ப்பேன்.