கிளம்பும் முன் கருப்பூருக்கு ஒரு நடை

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, 2018-ல் சேலத்தில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்தேன். கணவருக்கு டல்லாஸில் வேலை. ஏப்ரலில் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் நானும் போகிறேன். அங்கே நர்சிங் படிக்க ஆசை. கையில் டிகிரி இருப்பதால் ரெண்டே வருஷத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா? பல்கலைக்கழகத்தில் என்னென்ன கேட்பார்கள்? மாமியார் வீட்டில் 'நர்ஸ் வேலையா?' என்று இழுக்கிறார்கள்."

நான் ஏற்காட்டுக்காரி. அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். உங்களைப் போலவே சேலத்தில் பி.எஸ்சி. முடித்து, எச்-4-ல் போய், டெக்சாஸில் பி.எஸ்.என். என்ற நர்சிங் இளநிலைப் பட்டம் படித்து, இப்போது டல்லாஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இந்த மாதம் அம்மாவோடு இருக்க ஊருக்கு வந்திருக்கிறேன். களத்தில் காபிப் பழம் காய்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரெண்டு வருஷக் கதை. பி.எஸ்.என். என்பது சுமார் 120 கிரெடிட் படிப்பு. வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் அது ஒரு கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாதி நர்சிங், அதற்குத்தான் இரண்டு வருஷம். மீதிப் பாதி அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்கள். உங்கள் பட்டத்தால் இந்த முன்பாதியில் கொஞ்சம் குறையும், மொத்தமும் போகாது. மூன்று முதல் மூன்றரை வருஷம் என்று மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கென்று 12 முதல் 16 மாதத்தில் முடியும் துரிதப் படிப்பும் இருக்கிறது. ஆனால் அதற்கு உங்கள் பட்டம் அமெரிக்க நான்கு வருஷப் பட்டத்துக்குச் சமம் என்று, வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனம் எழுதித்தர வேண்டும். நம் மூன்று வருஷ பி.எஸ்சி.யைச் சிலர் சமம் என்பார்கள், சிலர் மூன்று வருஷக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதுவார்கள். அதனால் எந்தப் பல்கலைக்கழகம் எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்கிறது என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். கேட்கும்போது 'பாடவாரியான' மதிப்பீடு என்று கேளுங்கள். வெறும் பட்டம் சமம் என்ற காகிதம் நர்சிங்குக்குப் போதாது.

இன்னொன்று, நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்வது இதுதான். நம்மூரில் நர்சிங் கல்லூரியில் சேர்ந்தால் நர்சிங் மாணவி. அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் உங்களை 'பிரீ-நர்சிங்' என்று பதிவார்கள். அப்படியென்றால் நர்சிங்குக்கு முந்தைய பாடங்களைப் படிக்கலாம், அவ்வளவுதான். நர்சிங் பிரிவுக்குத் தனியாக விண்ணப்பம், தனியாகப் போட்டி. அறிவியல் பாடங்களில் வாங்கிய கிரேடு, டீஸ் அல்லது ஹெசி என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு எல்லாம் சேர்த்துத்தான் எடுப்பார்கள். 'சி' வாங்கினால் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கும். 'சி' வைத்துக்கொண்டு இடம் கிடைத்தவர்களை நான் பார்த்தது அபூர்வம். இது தெரியாமல், போன புதிதில் ஒரு கன்சல்டன்ட் பேச்சைக் கேட்டு, தேவையே இல்லாத பாடங்களில் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பாதிப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் அரசுக் கல்லூரியில் படியுங்கள். பல்கலைக்கழகத்தைவிடக் கட்டணம் மிகக் குறைவு. டல்லாஸ் காலேஜ், காலின் காலேஜ் இரண்டும் நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் பக்கங்களில்தான் இருக்கின்றன. டெக்சாஸின் அரசுக் கல்லூரிகளில் பாடங்களுக்குப் பொதுவான எண் உண்டு. உடற்கூறும் உடலியங்கியலும் பயாலஜி 2401, 2402. நுண்ணுயிரியல் 2420. இரண்டாவது இலக்கம்தான் கிரெடிட், இவை மூன்றும் நான்கு கிரெடிட், ஆய்வகத்தோடு. கூடவே புள்ளியியல், மனித வளர்ச்சி பற்றிய உளவியல், ஆங்கிலக் கட்டுரை, கல்லூரியைப் பொறுத்து வேதியியல், ஊட்டச்சத்து. அறிவியல் பாடம் ஐந்து அல்லது ஏழு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் ஒப்புக்கொள்ளாத கல்லூரிகள் நிறைய. உங்கள் 2018 பட்டம் அங்கே இடிக்கும். எப்படிப் பார்த்தாலும் உயிர்வேதியியலில் நீங்கள் எலும்பைத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த 2401-ஐப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வகத் தேர்வன்று மேசை மேசையாக எலும்புகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தில் ஊசி குத்தி எண் ஒட்டியிருப்பார்கள். ஒரு மேசைக்கு ஒரு நிமிஷம். மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஹியூமரஸ் (மேற்கை எலும்பு) என்று எழுதினால் போதாது. இடது கையா வலது கையா, ஊசி நிற்கும் மேட்டின் பெயர் என்ன, அதையும் எழுத்துப் பிழை இல்லாமல். நான் சேலத்தில் படித்த பழக்கத்தில் வரையறைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேள்வியோ என் கையில் இருந்த எலும்பு. முதல் தேர்வில் பாதிதான் தேறினேன். அப்புறம் ஆய்வகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் போய், கண்ணை மூடிக்கொண்டு எலும்பைத் தடவித் தடவிப் படித்தேன். நீங்களும் அப்படிப் படியுங்கள், புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள்.

டெக்சாஸில் அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்த இளநிலைப் பட்டம் வாங்கினாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியலமைப்பு 6 கிரெடிட் படிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நர்ஸுக்கு இது எதற்கு என்று எனக்கும் தோன்றியது. டெக்சாஸ் சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை வருஷங்களில்தான், அதிகபட்சம் 140 நாள் கூடும் என்பதெல்லாம் அங்கேதான் படித்தேன். மொத்தம் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடும்போது இதை மறந்துவிட்டுக் கடைசியில் திண்டாடியவர்கள் உண்டு, கோடை விடுமுறையில் முடித்துவிடுங்கள்.

சரி, இப்போது ஊரில் செய்ய வேண்டியது. கருப்பூருக்குப் போங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர் நீங்கள், அதனால் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பாடமும் மதிப்பெண்ணும் அடங்கிய பல்கலைக்கழகச் சான்று, அங்கிருந்துதான் வரவேண்டும். மார்க் ஷீட் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. மதிப்பீட்டு நிறுவனம் கேட்பது, பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்புவது, அல்லது உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை குத்தித் தருவது. என் விஷயத்தில் அப்பாதான் வாங்கினார். பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மகள் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க உறையைப் பிரித்திருக்கிறார். பெயர் சரியாகத்தான் இருந்தது. பசை வாங்கி அழகாக ஒட்டி எனக்கு அனுப்பிவைத்தார். பிரித்த உறை செல்லாது என்று அங்கே திருப்பிவிட்டார்கள். மறுபடியும் அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் வாங்கிவந்தார் மனிதர். போனில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உறையைக் கையில் வாங்கினால் பிரிக்காதீர்கள் தங்கச்சி. பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் இன்னொரு பிரதி கேட்டு வாங்குங்கள். நீங்கள் படித்த வருஷத்துப் பாடத்திட்டத்தையும் கல்லூரியில் முத்திரையோடு வாங்கி வையுங்கள், கிரெடிட் வாதாட அதுதான் ஆதாரம்.

அடுத்தது பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து கடைசிப் பெயராகியிருக்கும். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயருக்கு மாற்றியிருந்தால் மூன்றாவது பெயர் ஒன்று. நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்கே பின்னணி சரிபார்க்கக் கைரேகை எடுக்கிறவருக்கும் தேர்வு மையத்தில் அடையாள அட்டையைப் பார்க்கிறவருக்கும் மூன்று ஆள். நோட்டரி வக்கீலிடம் எல்லாப் பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் எடுத்து, திருமணப் பதிவுச் சான்றோடு கையில் கொண்டுபோங்கள். அங்கே போன பிறகு ஒரே எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே எழுதுங்கள்.

தடுப்பூசிக் காகிதமும் அப்படித்தான். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி முடிக்க ஆறு மாதம் ஆகும், அது முடியாமல் நோயாளி பக்கம் விடமாட்டார்கள். முதல் இரண்டையும் சேலத்திலேயே போட்டு, தேதியும் மருந்தின் பெயரும் எழுதி, டாக்டர் கையெழுத்தோடு வாங்குங்கள். சின்ன வயதில் போட்டதற்குச் சீட்டு இல்லையென்றால் கவலை வேண்டாம், தட்டம்மை, சின்னம்மைக்கெல்லாம் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. காசநோய்ச் சோதனையில் மட்டும் ஜாக்கிரதை. நமக்கெல்லாம் கையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் அதனாலேயே வீங்கிக் காட்டலாம். பி.சி.ஜி. போட்டவள், எனக்கு ரத்தப் பரிசோதனையாகச் செய்யுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

விசா விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. எச்-4-ல் படிக்கலாம், வேலை பார்க்க முடியாது. 2015 மே மாதம் வந்த விதிப்படி, கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்தால் மனைவிக்கு வேலை அனுமதி அட்டை கிடைக்கும். நான் படிப்பை முடித்து, அந்த விதி வரும்வரை, கற்றதெல்லாம் மறந்துவிடுமோ என்று பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதனால் கிரீன் கார்டு வேலையை எப்போது தொடங்குவார்கள் என்று கணவரை இப்போதே கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். டெக்சாஸில் 12 மாதம் குடியிருந்த பிறகு மாநிலவாசிக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரும் இருக்கட்டும். கார் ஓட்டவும் பழகிவிடுங்கள். கிளினிக்கல் என்ற மருத்துவமனைப் பயிற்சி காலை ஆறரைக்குத் தொடங்கும், அந்த நேரத்துக்குப் போய்ச்சேர பெரும்பாலும் பஸ் கிடையாது.

நர்சிங் வகுப்பில் நுழைந்த பிறகு மதிப்பெண் கணக்கே மாறும். நம் ஊரில் 60 வாங்கினால் முதல் வகுப்பு. அங்கே பல இடங்களில் 75-க்குக் கீழே ஃபெயில். மருந்துக் கணக்குத் தேர்வில் 90-க்கு மேல், சில இடங்களில் நூற்றுக்கு நூறு வேண்டும். 1000 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 15 சொட்டு விழும் குழாய், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 31. இதில் நமக்கு ஒரு வசதி, கிராமும் மில்லியும் நம் கையில் பழகியவை. பவுண்டிலிருந்து கிலோவுக்கு மட்டும் 2.2-ஆல் வகுக்கப் பழகிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து பட்டம் வாங்கினாலும் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு இருக்கிறது. இப்போது குறைந்தது 85, அதிகம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம், உங்கள் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். டெக்சாஸ் நர்சிங் சட்டத்தில் தனியாக ஒரு தேர்வும் உண்டு.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். படுக்கையில் இருப்பவரைத் துடைத்துவிடுவது, மலம் சுத்தம் செய்வது எல்லாம் முதல் செமஸ்டரிலேயே செய்ய வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றியவளாவேன். ஆனால் அந்த வேலையில் எவ்வளவு அறிவு வேண்டும் என்பது எனக்கு முதல் கிளினிக்கல் நாளிலேயே தெரிந்தது. இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி. உதடு காய்ந்து வெடித்திருந்தது, தண்ணீர் கேட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுத்து வளர்ந்த கை, யோசிக்காமல் தம்ளரை எடுத்துவிட்டது. பயிற்றுநர் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவரில் 'என்.பி.ஓ.' என்று அட்டை தொங்கியது. வாய்வழியாக எதுவும் கூடாது என்று அர்த்தம். அன்று காலை அவருக்கு ஆபரேஷன். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பயிற்றுநர் என்னைத் திட்டவில்லை. ஈரப் பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொடுத்தார். அந்த உதடுகளை நனைத்துக்கொண்டே, ஏன் தண்ணீர் தரக்கூடாது என்று பாட்டிக்கு என் திக்கும் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

இம்மாதம் 24 வரை ஏற்காட்டில் இருப்பேன். அதற்கு முன் ஒரு நாள் சேலம் இறங்க வேண்டிய வேலை இருக்கிறது. அன்றைக்கு மார்க் ஷீட், பாஸ்போர்ட், தடுப்பூசிச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள், பாடம் பாடமாகப் பார்த்து எது செல்லும், எதைத் திரும்பப் படிக்கணும் என்று குறித்துக்கொடுக்கிறேன். முடிந்தால் உங்கள் அத்தையையும் கூட்டி வாருங்கள், அவர் கேட்க நினைப்பதை என்னிடமே கேட்கட்டும்.