பிட்ஸ்டோன் காற்றாலை ஏன் கைவிடப்பட்டது, எப்படி மீண்டது?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் வயல்வெளி நடுவே நிற்கும் பிட்ஸ்டோன் காற்றாலை தானியம் அரைப்பதற்காகக் கட்டப்பட்டது. அதன் மரச்சட்டத்தில் 1627 என்ற ஆண்டு செதுக்கப்பட்டுள்ளது. இது தூண் ஆலை வகையைச் சேர்ந்தது. இறக்கைகள், பற்சக்கரங்கள், அரவைக் கற்கள் ஆகியவற்றைச் சுமக்கும் மரக்கூடம் முழுவதையும் நடுவிலுள்ள ஒரே தடித்த மரத்தூண்தான் தாங்குகிறது. பின்புறம் நீண்டிருக்கும் வால்மரத்தைத் தள்ளி, ஆலைக்காரர் அந்தக் கூடத்தையே காற்று வரும் திசைக்குத் திருப்புவார்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கான விடையில் இந்த அமைப்புக்கும் பங்குண்டு. இறக்கைகள் முன்னிருந்து வரும் காற்றுக்காக அமைக்கப்பட்டவை என்பதால், திசை சட்டென்று மாறிப் பின்னாலிருந்து பலத்த காற்று அடித்தால் அவை எளிதில் முறிந்துவிடும். கூடத்தைத் திருப்பவோ அவகாசம் இருக்காது. 1902இல் வீசிய புயல் இந்த ஆலையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. அத்துடன் அரவை நின்றது.

1922 வாக்கில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் இந்தப் பாழடைந்த கட்டடத்தை வாங்கினார். 1937இல் இது பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக வழங்கப்பட்டது. எனினும் உரிமை கைமாறியதைவிட, 1963இல் தன்னார்வலர்கள் தம் சொந்தச் செலவில் சீரமைப்பைத் தொடங்கியதே திருப்புமுனை என்பேன். வெளித்தோற்றத்தை மட்டும் புதுப்பித்து நிறுத்திவிடாமல் உள்ளே இருந்த இயந்திர அமைப்பையும் அவர்கள் சரிசெய்ததால், 68 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1970இல் அங்கே மீண்டும் தானியம் அரைக்கப்பட்டது.