பழைய ட்ரம்மின் பல் வளையம்

கேள்வி: பின் பிரேக் ட்ரம் இரண்டையும் புதிதாக மாற்றினேன். அன்றிலிருந்து ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. பழைய ட்ரம்மில் ஒரு பல் வளையம் இருக்கிறது, புதியதில் இல்லை. அதைக் கழற்றி மாட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: விளக்கு எரியும் காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தப் பற்கள் கடந்து போவதை வைத்துத்தான் சென்சார் சக்கர வேகத்தை அறிகிறது. வளையம் இல்லையென்றால் சக்கரம் ஓடுவதே அதற்குத் தெரியாது. ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) வேலை செய்யாது, சாதாரண பிரேக் மட்டும் பிடிக்கும்.

மாட்டலாம். ஆனால் உளியும் சுத்தியலும் வேண்டாம், புல்லர் போட்டு நேராக இழுக்கச் சொல்லுங்கள். ஒரு பல் நசுங்கினாலும், வளையத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் விளக்கு திரும்ப வந்துவிடும். துரு ஏறியிருந்தால் நான் பழையதைத் தொடவே மாட்டேன். அதே பல் எண்ணிக்கை, அதே உள்விட்டத்தில் புதிது வாங்குவேன்.

மாட்டும்போது வளையத்தை மட்டும் சூடாக்குங்கள், விரிந்து சுலபமாக உட்காரும். ட்ரம்மைச் சூடாக்கினால் உள்ளே பேரிங் இருக்கும் வண்டிகளில் கிரீஸும் சீலும் போச்சு. சுற்றிலும் ஒரே மட்டமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அப்புறம், சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத்தூளையும் துடைத்துவிடுங்கள்.