தேயிலைக்கும் ஒரு கணக்கேடு: தலவாக்கலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்த உங்கள் மகள், மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி) போதாது என்று தெரிந்ததும், பொருட்களின் சூழல் தாக்கத்தை அளக்கும் துறைக்குப் போக விரும்புவதாகச் சொன்னதை எழுதியிருந்தீர்கள். “மரம் நடுகிற படிப்புக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்றும் கேட்டிருந்தீர்கள். இத்தனை ஆண்டுகள் கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்கவைத்த உங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: உங்கள் மகள் சொல்லும் ‘வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு’, அதாவது ஒரு பொருள் உருவாவது முதல் பயன்பட்டு முடிவது வரை சூழலுக்கு ஏற்படுத்தும் தாக்கத்தை அளப்பது, பெரும்பாலும் கணக்கு வேலை.

உங்கள் தோட்டத்துத் தேயிலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்துக்காக மலைக்குப் போட்ட யூரியாவில் ஒரு சிறு பங்கு மண்ணில் நைதரசு ஒட்சைட்டு வாயுவாக மாறிக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயுவின் ஒரு கிலோ, 273 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பிறகு கொழுந்தை வாட்டும் விசிறிகளுக்கு மின்சாரம், காய வைக்கும் அடுப்புக்கு விறகு, கொழும்புக்குப் போகும் லொறிக்கு டீசல், கப்பல், பொதி என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏற வேண்டும்.

கடைசியில் வருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ தூளில் 500 கோப்பை தேநீர் போடலாம். கோப்பைக்கு 200 மில்லிலீற்றர் என்றால் 100 லீற்றர் தண்ணீர்; அதை 25 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொதிக்கவைக்க, சிறிதும் வீணாகாவிட்டால்கூட, 8.7 அலகு மின்சாரம் செலவாகும். ஒரு கோப்பைக்காகக் கேத்தலை நிறைய நிரப்புகிறவர்கள் வீட்டில் இது பல மடங்காகும். ஆகவே கணக்கைத் தொழிற்சாலை வாசலோடு முடித்தால் ஒரு தொகை வரும். குடிப்பவர் கோப்பை வரை கொண்டுபோனால் முற்றிலும் வேறொரு தொகை வரும்.

எல்லையை எங்கே போடுவது என்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி, அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாலை நிறுவையில் கூடையின் எடைக்கு எவ்வளவு, ஈரக் கொழுந்தின் தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கழித்தால், உங்கள் நிறையையும் பக்கத்து மலைக்காரியின் நிறையையும் ஒப்பிட முடியுமா? அதனால்தான் 2006இல் வெளியான ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் 14040, 14044 ஆகிய தரநிலைகள், எந்த அளவுப் பொருளுக்காக, எங்கே தொடங்கி எங்கே முடியும் கணக்கு என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்கின்றன. மேல் கொத்மலை அணை உங்கள் ஊரிலேயே இருக்கிறது என்பதற்காக, தொழிற்சாலையின் மின்சாரம் முழுவதும் நீர்மின்சாரம் என்று எழுதிவிட முடியாது, ஏனென்றால் தேசிய மின்வலையமைப்பில் நுரைச்சோலையின் நிலக்கரி மின்சாரமும் கலந்தே வருகிறது. விறகும் அப்படித்தான்: வெட்டிய இடத்தில் மறுபடி வளர்க்கப்படும் யூக்கலிப்டஸ் விறகுக்கு ஒரு கணக்கு, திரும்ப வளராத காட்டை அழித்த விறகுக்கு வேறு கணக்கு.

அளந்ததை எப்படிச் சொல்வது என்பதே இத்தொழிலின் மறுபாதி. சம்பளம் கொடுப்பவர்கள் பெருகுவதும் அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய ஒரு நெறிமுறையின்படி, 2026 செப்டெம்பர் 27 முதல் ஆதாரமில்லாமல் ‘சூழலுக்கு உகந்தது’ என்று பொதிகளில் அச்சிடவோ, வேறெங்கோ மரம் நட்ட கணக்கைக் காட்டி ‘இந்தப் பொருளால் காலநிலைக்குப் பாதிப்பில்லை’ என்று விளம்பரப்படுத்தவோ அங்கே முடியாது. அந்தச் சந்தையில் விற்கும் தேயிலை, ஆடை, இறப்பர்க் கையுறை நிறுவனங்களுக்கு, இலக்கத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, வெளியார் சரிபார்ப்புக்குத் தாங்கும்படி எழுதிக்கொடுக்கும் ஆட்கள் தேவை. பொய்க்கு ஒத்துப்போகாத பிள்ளையாக உங்கள் மகள் இருந்தால், இது அவளுக்கு மரியாதையான தொழில் என்று நான் மனமார நம்புகிறேன்.

ஆனால் இந்தப் பெயரிலேயே முதல் பட்டம் தேட வேண்டாம். முதலில் உறுதியான அடிப்படைப் பட்டம் ஒன்று வேண்டும். பேராதனையின் விவசாய பீடம், சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் விஞ்ஞானக் கற்கை, பதுளையில் 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லசப் பல்கலைக்கழகத்தின் தேயிலைத் தொழில்நுட்பக் கற்கை ஆகிய மூன்றையும் விண்ணப்பத்தில் முன்னுக்குப் போடலாம். மூன்றில் எனக்கு விருப்பமானது கடைசியாகச் சொன்னதுதான். தொழிற்சாலையின் ஒவ்வொரு அறையையும் அறிந்த ஒருவருக்கு, யாரோ கொடுத்த விறகுக் கணக்கில் பிழை இருந்தால் உடனே உறுத்தும். தகைமைகளை இவ்வாண்டுக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. தொடக்க வேலை பெரும்பாலும் மின்பட்டியல்களையும் டீசல் பற்றுச்சீட்டுகளையும் சேகரித்து எக்செல் தாளில் ஏற்றுவதாகவே இருக்கும். வேலைகளில் பெரும்பகுதி கொழும்பில், அறிக்கைகள் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படித்த நம் மலையகப் பிள்ளைகள் அறிவில் குறைந்து அல்ல, இந்த ஆங்கிலத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதைக் கண்டு பல முறை வருந்தியிருக்கிறேன். பல்கலைக்கழகம் திறக்கும் வரையுள்ள மாதங்களை ஆங்கில எழுத்துக்கும், சதவீதம், அலகு மாற்றம், அடிப்படைப் புள்ளிவிபரவியல் ஆகியவற்றுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

சில நாட்களில் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் பயிற்சிகளுக்குக் கடன் வாங்கவோ நகை அடகு வைக்கவோ வேண்டாம். இந்தக் கணிப்புக்கான ‘ஓப்பன் எல்.சி.ஏ.’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்பே ஒரு கொப்பியில், வீட்டில் ஒரு வாரம் தேநீருக்குச் செலவாகும் தூள், சீனி, பால்மா, விறகு, எரிவாயு எல்லாவற்றையும் நிறுத்து எழுதி, ஒரு கோப்பைக்கு எவ்வளவு என்று அவளைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு நாளும் சலிக்காமல் எழுதி, எங்கே ஊகித்தேன் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தால், அந்தக் கொப்பியையும் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் இருவருமாக வாருங்கள். தெரிவு வரிசையைச் சேர்ந்தே எழுதுவோம்.