கணக்கு பிடித்த பெண்ணைக் கணக்கிலேயே சேருங்கள்

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன். மகள் பிளஸ் டூ கணக்கில் 96 வாங்கியிருக்கிறாள், பி.எஸ்சி. கணிதம் கேட்கிறாள். அவள் பெரியப்பாவோ, "கணக்குப் படித்தால் டீச்சர் வேலைதான்; நிலத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு" என்கிறார். நீங்கள் பயப்படுவது இயல்பு. ஆனால் பெரியப்பா சொல்வது தவறு.

கம்ப்யூட்டர் சயின்ஸில் கணிதம் எங்கே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அகரவரிசையில் ஒரு கோடி பெயர்கள் இருந்தாலும், நடுப்பெயரைப் பார்த்து வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே போனால், தேடும் பெயர் 24 பார்வைக்குள் கிடைத்துவிடும். அந்த 24 எங்கிருந்து வந்தது என்றால், உங்கள் மகள் பள்ளியில் படித்த மடக்கையிலிருந்து (லாகரிதம்). தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றும், 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறைக்குப் பகா எண்கள்தான் ஆதாரம். தரவுகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் என்பது அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் நுண்கணிதமும் சேர்ந்தது. வெப்சைட் வடிவமைக்கவும் டெஸ்டிங் வேலைக்கும் இவ்வளவு கணக்கு வேண்டாம், உண்மைதான். அந்த வேலைகளுக்காக லட்சங்களைக் கொட்டி சீட் வாங்கவும் வேண்டாம்.

பலர் கண்ணில் படாத ஒரு வழி இருக்கிறது. பி.எஸ்சி. கணிதம் முடித்து நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரிகளான என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. என்ற முதுநிலைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேரலாம், திருச்சி என்.ஐ.டி.யும் அதில் உண்டு. பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ பாடமாக இருக்க வேண்டும், பொதுப்பிரிவினரும் ஓ.பி.சி.யினரும் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். வினாத்தாளைப் பாருங்கள்: மொத்தம் 1,000 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு மட்டும் 600. தர்க்கத்துக்கு 240. கம்ப்யூட்டருக்கு வெறும் 120! கம்ப்யூட்டர் படிப்புக்கு ஆள் எடுப்பவர்களே முதலில் கணக்கைத்தான் சோதிக்கிறார்கள். அதிலும் கணங்கள், நிகழ்தகவு, இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், நுண்கணிதம், வெக்டர், முக்கோணவியல் என்று பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடம்தான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்கக் கூடாது.

தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். அவள் தமிழ்வழி மாணவி என்பதால் முதலாண்டிலிருந்தே என்.சி.இ.ஆர்.டி. கணித நூல்களை ஆங்கிலத்தில் போட்டுப் பழகட்டும். புரோகிராமிங்கையும் தள்ளிப்போடக் கூடாது. ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.லில் பைதான் என்ற புரோகிராமிங் மொழிப் பாடங்கள் இலவசம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். வாரம் நான்கைந்து மணி நேரம் தானே புரோகிராம் எழுதிப் பார்க்க வேண்டும். வீடியோ பார்த்தால் மட்டும் கை பழகாது.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: நிலத்தை அடகு வைக்காதீர்கள். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்திருப்பதால் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்குக் கிடைக்கும். அந்தப் பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று அவளே கேட்டிருந்தால், கலந்தாய்வில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்திருப்போம். அவள் கேட்கவில்லை. படிக்கப்போவது அவள், பெரியப்பா அல்ல. இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

மூன்றாண்டு கழித்து நிம்செட் கைகூடாவிட்டால் மாநில நுழைவுத் தேர்வான டான்செட் எழுதித் தமிழ்நாட்டிலேயே எம்.சி.ஏ. படிக்கலாம். ஒருவேளை அதற்குள் கணிதத்திலேயே மேலே போக ஆசைப்பட்டால், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வையும் அதே பட்டத்தை வைத்து எழுதலாம்.