பாக்கெட் எங்கே தொலைகிறது?

கேள்வி: ஸ்விட்சில் ஒரு ஜிகாபிட் போர்ட்டை இன்னொன்றுக்கு மிரர் செய்து (அதில் ஓடும் டிராஃபிக்கை நகலெடுத்து அனுப்பி), லினக்ஸ் கணினியில் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டுகிறேன். நிறுத்தும்போது ‘டிராப்டு பை கெர்னல்’ (கெர்னல் தவறவிட்டவை) ஆயிரக்கணக்கில் காட்டியது. பாக்கெட்டுகள் தற்காலிகமாகக் காத்திருக்கும் பஃபரைக் கூட்டியதும் 0 ஆகிவிட்டது. ஆனாலும் பிடித்த ஃபைலைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் ‘ஏசிகேடு அன்சீன் செக்மென்ட்’ வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: அந்த 0-ஐ முழுதாக நம்பாதீர்கள். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வரை வந்து, டிசிபிடம்ப் எடுப்பதற்குள் பஃபர் நிரம்பி வழிந்தவை மட்டுமே அதில் சேரும். அதற்கு முன்பே தொலைந்தவை கணக்கில் வராது. வயர்ஷார்க் சொல்வது இதுதான்: எதிர்முனை டேட்டாவை வாங்கிக்கொண்டு ஏசிகே (‘கிடைத்தது’ என்ற ஒப்புதல்) அனுப்பிவிட்டது, உங்கள் ஃபைலில் அந்த டேட்டா இல்லை. அதாவது ஓட்டை நெட்வொர்க்கில் இல்லை, கேப்சரில் இருக்கிறது. (போக ஒரு லிங்க், வர ஒரு லிங்க் என்று இருந்தாலும் இதே செய்தி வரும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.)

உங்கள் அமைப்பில் முதல் சந்தேகம் மிரர் போர்ட் மேல்தான். ஜிகாபிட் லிங்க்கில் போக 1, வர 1 என்று 2 ஜிகாபிட் ஓடலாம். மிரர் போர்ட் வெளியே தள்ளுவது 1தான். மிச்சத்தை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அந்தப் போர்ட்டின் அவுட்புட் டிராப் கவுன்ட்டர் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் 10 ஜிகாபிட் போர்ட்டுக்கு மிரர் செய்யுங்கள், அல்லது டேப் (லிங்க்கின் நடுவே வைத்து டிராஃபிக்கை நகலெடுக்கும் கருவி) பொருத்தி திசைக்கு ஒரு கார்டு கொடுங்கள். ஏறவில்லையென்றால் நெட்வொர்க் கார்டுக்கு வாருங்கள். கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையில் கேபிடல் எஸ் (-S) கொடுத்தால் வரும் பட்டியலில் ‘மிஸ்டு’, ‘நோ பஃபர்’ எண்கள் கூடினால், கேபிடல் ஜி (-G) கொடுத்து, கார்டு பாக்கெட்டுகளை வாங்கி வைக்கும் ரிங்கின் அளவை உயர்த்துங்கள். பல டிரைவர்களில் அந்த நேரத்தில் லிங்க் ஒரு கணம் விழுந்து எழும். கேப்சர் நடுவில் செய்ய வேண்டாம்.

கேள்வி: பஃபர் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: லினக்ஸில் வழக்கமான அளவு 2 எம்பி. ஜிகாபிட் முழு வேகத்தில் நொடிக்கு 125 எம்பி வரும். 2 எம்பி 16 மில்லிசெகண்டுக்குத்தான் தாங்கும். டிஸ்க் சற்றுத் தயங்கினாலே போச்சு. டிசிபிடம்பில் கேபிடல் பி-க்குப் (-B) பின் 262144 கொடுங்கள்: 256 எம்பி, ஏறக்குறைய 2 நொடி தாங்கும். இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். அந்த எண் கேபி கணக்கு. எம்பி என்று நினைத்து 256 போட்டால், இருந்ததைவிடப் பஃபர் சுருங்கிவிடும்!

டிஸ்க் தொடர்ந்து பின்தங்கினால் எந்தப் பஃபரும் காப்பாற்றாது. ஹெடர் (முகவரி முதலியவை உள்ள முன்பகுதி) போதுமென்றால் ஸ்நாப் நீளத்தை, அதாவது ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேமிக்கும் அளவை, 128 பைட்டாகக் குறையுங்கள். திரையில் அச்சிடாமல் நேரே ஃபைலில் எழுதுங்கள், அதுவும் உள் டிஸ்க்கில். கேப்சர் செய்யும் அதே கார்டு வழியாக நெட்வொர்க் டிரைவில் எழுதினால், எழுதுகிற டிராஃபிக்கும் சேர்ந்து பிடிபட்டு ஃபைல் ஊதிக்கொண்டே போகும்.